கேள்வி மாறினால் பதிலும் மாறும்

"மருந்து ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "சாப்பிடுறேன் டாக்டர்." மேசைமேல் இருக்கும் தாளோ வேறு கதை சொல்லும். கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 10-ஐத் தாண்டியிருக்கும். டாக்டருக்கும் அது தெரியும், நோயாளிக்கும் தெரியும். ஆனால் அந்தக் கேள்வியில் வேறு பதிலுக்கு இடமே இல்லை. அதையே, "மாத்திரை விட்டுப்போறது எல்லாருக்கும் நடக்கிறதுதாம்மா. போன வாரம் எத்தனை வேளை விட்டுப்போச்சு?" என்று கேட்டால், "ராத்திரி ஷிப்ட் வந்தா சாப்பாடே நேரம் தப்பிடுது, அந்த வேளை மாத்திரையை விட்டுடுவேன்" என்ற உண்மை வெளியே வர வழி பிறக்கிறது.

பினாங்கின் தென் செபராங் பிறையிலுள்ள சிம்பாங் அம்பாட்டுக்கு இந்த ஷிப்ட் கதை புதிதல்ல. தோட்டங்கள் சூழ்ந்திருந்த இந்த வட்டாரத்தில் இன்று தாமான் குடியிருப்புகள் பெருகிவிட்டன. பத்து காவானிலும் புக்கிட் மிஞ்ஞாக்கிலும் தொழிற்பேட்டைகள். உடலுழைப்பு குறைந்தது, நேரங்கெட்ட சாப்பாடு கூடியது, தே தாரிக் மட்டும் அப்படியே நின்றது. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்னும் இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு.

இவ்வளவு பேருக்கு இருக்கும் நோயில் பேச்சும் சிகிச்சையின் ஒரு பகுதி. ஆண்டில் சில முறை, சில நிமிடங்கள்தான் நோயாளி டாக்டர்முன் உட்காருகிறார். மற்ற நாளெல்லாம் அவரே தமக்கு டாக்டர். அந்தச் சில நிமிடங்களைப் பயன்படுத்தும் கலையைக் கற்றுக்கொடுக்க முடியும் என்பதுதான் தொடர்புத்திறன் பயிற்சியின் அடிப்படை.

1984-இல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற இரு ஆய்வாளர்கள் டாக்டர்–நோயாளி பேச்சுகளைப் பதிவு செய்து கேட்டார்கள். நோயாளி பேசத் தொடங்கி சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டிருந்தார். 1999-இல் வந்த இன்னொரு ஆய்வு, குறுக்கிடாமல் விட்டால் நோயாளி கூடுதலாக எடுத்துக்கொள்வது சராசரியாக 6 விநாடிதான் என்று காட்டியது. வரிசை நீளமாக இருக்கிறது, நேரமில்லை என்ற சமாதானத்தை இந்த ஆறு விநாடிகள் வலுவிழக்கச் செய்கின்றன.

தொடர்புத்திறன் பயிற்சி வகுப்பில் இப்படிக் கேட்டுப் பேசுவதை நடித்துப் பழகுகிறார்கள். ஒருவர் நோயாளி, ஒருவர் தாதி, மற்றவர்கள் கவனிக்கிறார்கள். முக்கியமான பாடம், சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வது. "புரிஞ்சுதா?" என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும், வீட்டுல எப்படிப் போடுவீங்கன்னு காட்டுங்க" என்று இன்சுலின் பேனாவைக் கையில் கொடுத்தால் சிக்கல் கண்முன் வந்துவிடும். ஊசியின் வெளிமூடியைக் கழற்றிவிட்டு உள்மூடியை அப்படியே விட்டுக் குத்துபவர்கள் உண்டு. மருந்து துளிகூட உள்ளே போகாது. இதைப் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே 2019-இல் எச்சரித்தது. காட்டச் சொல்லாவிட்டால் டாக்டர் அளவை ஏற்றிக்கொண்டே போவார். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஷிலிங்கர் குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வில், டாக்டர்கள் புதிதாகச் சொன்ன விஷயங்களில் 12 விழுக்காட்டுக்குத்தான் நோயாளிக்குப் புரிந்ததா என்று சோதித்திருந்தார்கள். அப்படிச் சோதிக்கப்பட்டவர்களின் சர்க்கரைக் கட்டுப்பாடும் மேலாக இருந்தது.

ஆனால் பயிற்சி மந்திரமல்ல. பிரிட்டனில் குழந்தைகளுக்கான 26 நீரிழிவு மருத்துவக் குழுக்களிடம், 693 பிள்ளைகளை வைத்து நடந்த டிபிக்டட் ஆய்வு 2012-இல் வெளியானது. பயிற்சி பெற்றவர்களின் பேச்சுத்திறன் வளர்ந்தது, பிள்ளைகளின் எச்பிஏ1சி ஓராண்டில் குறையவில்லை. நல்ல பேச்சு மட்டுமே சர்க்கரையை இறக்காது. அதற்காக அதை விட்டுவிடவும் முடியாது. உண்மை தெரியாமல் கொடுக்கும் மருந்து குறி தவறும்.

நம்மவர்களிடம் இன்சுலின் பயம் தனி. "ஊசி போட்டா கடைசிக் கட்டம்", "கண்ணு போயிடும்" என்பார்கள். இதில் மருத்துவத்துறைக்கும் பங்குண்டு. "சர்க்கரையைக் குறைக்கலைன்னா ஊசிதான்" என்று வருடக்கணக்கில் மிரட்டிவிட்டு, ஒருநாள் அதே ஊசியை மருந்தாக நீட்டினால் யார் வாங்குவார்? மலாயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தத் தயக்கத்தை ஆராய்ந்து, நோயாளியும் டாக்டரும் சேர்ந்து முடிவெடுக்க உதவும் கையேடு ஒன்றை உருவாக்கினார்கள். ஊசியின் நன்மை, தொல்லை, மாற்றுவழி எல்லாவற்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பேசுவதே அதன் நோக்கம். அரசு மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் மருந்தாளர்கள் நடத்தும், எம்டேக் எனப்படும் மருந்துக் கடைப்பிடிப்புச் சந்திப்புகளும் மருந்து பற்றித் தனியாக உட்கார்ந்து பேச இடம் தருகின்றன.

அதற்கும் மொழி வேண்டும். டாக்டர் மலாயில் சொல்ல, மகள் தமிழில் அப்பாவிடம் சொல்வது இங்கே சாதாரணக் காட்சி. நீரிழிவால் ஆண்மைக் குறைவு வருவதுண்டு. எந்த அப்பா அதை மகள் வாயால் சொல்ல வைப்பார்? அவர் வாயை மூடிக்கொள்வார், மகள் "வேற ஒண்ணுமில்ல டாக்டர்" என்பாள். தமிழ் தெரிந்த தாதியோ மருந்தாளரோ ஐந்து நிமிடம் தனியாகப் பேச வழிசெய்வதைப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே வைக்க வேண்டும். தமிழ் தெரியாத டாக்டரும் நாலைந்து வாக்கியங்களைப் பழகிக்கொள்ளலாம். "உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?" என்பது அதில் முதலாவதாக இருக்கட்டும்.