மரக்காலுக்கும் ஒரு சீட்டு வேணும்

விதைக் குடுவையில் சீட்டு இல்லையென்றால் உள்ளே இருப்பது மாப்பிள்ளைச் சம்பாவா, காட்டுயானமா என்று குழப்பம் வரும். ஆனாலும் விதைத்துப் பார்த்தால் கதிர் வந்ததும் தெரிந்துவிடும். பழைய பொருளுக்கு அந்த வழியும் கிடையாது. விவரம் தெரிந்த ஆள் போய்விட்டால் எல்லாம் போச்சு.

எங்க ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து நாட்டு ஏர், நுகத்தடி, பரம்புப் பலகை, இறைகூடை, மரக்கால் என்று ஒரு அறையில் திரட்டினோம். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் எது யார் வீட்டுப் பொருள் என்றே தெரியலை. வங்கியில் நகைக்கடன் பார்த்தவன் நான். அங்கே எண், எடை, பெயர், தேதி இல்லாத நகைப் பை கிடையாது. அதே முறையை இங்கேயும் கொண்டுவந்தோம்.

முதலில் எண். வந்த வருஷமும் வரிசை எண்ணும் சேர்த்து 2024-15 என்பது போல. பொருளிலும் நோட்டிலும் அதே எண். ஒரு பொருள் போய்விட்டாலும் அந்த எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. அட்டையில் பென்சிலால் எழுதிப் பருத்தி நூலில் கட்டுங்கள். மை ஈரத்தில் கரையும். ஆணி, ஒட்டும் டேப் வேண்டாம்.

அடுத்து அளவு. நீளம், அகலம், எடை, என்ன மரம், எங்கே விரிசல். வார்னிஷ் அடிக்காதீர்கள், தேய்த்துக் கழுவாதீர்கள். கைபட்டுத் தேய்ந்த இடமும் ஒரு சாட்சிதான்.

மூன்றாவது வாய்மொழி. கொடுத்தவர் யார், அவர் ஊரில் அதற்கு என்ன பேர், யார் புழங்கினார்கள், எப்போது நின்றது. சொன்ன சொல்லைத் திருத்தாமல் எழுதுங்கள். தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதுங்கள்.

இதன் அருமை ஒரு வீட்டிலிருந்து இரண்டு மரக்கால் வந்தபோது புரிந்தது. 12 மரக்கால் ஒரு கலம் என்பது வாய்ப்பாடு. ஆனால் மரக்கால் ஊருக்கு ஊர் மாறும். இங்கே ஒரே வீட்டிலேயே மாறியது. ஒன்றில் தலைதட்டி அளந்த நெல்லை மற்றதில் கொட்டினால் வழிந்தது. நடவுக்குப் போன மூத்த அம்மா ஒருவர் பார்த்ததும் சொன்னார்: "பெரிசு வாங்குற மரக்கால், சின்னது குடுக்குற மரக்கால்னு எங்கம்மா சொல்லும்."

1940களில் கீழத்தஞ்சையில் பி. சீனிவாசராவ் முதலானோர் கட்டிய இயக்கம் கள்ள மரக்காலை எதிர்த்து, முத்திரை மரக்காலில் கூலி அளக்கக் கேட்டது. மெட்ரிக் அளவுக்கான சட்டம் வந்தது 1956இல்தான். அந்தச் சண்டையின் சாட்சி எங்கள் அறையில் கிடந்திருக்கிறது.

கொடுத்தவர் முகம் வாடிவிட்டது. "இதையும் எழுதணுமா சார்?" என்றார். நான் வற்புறுத்தவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே வந்து, "எழுதிடுங்க, நடந்ததுதானே" என்றார். இப்போது அந்த அம்மா சொன்னதும், இவர் சம்மதித்ததும் நோட்டில் இருக்கிறது. ‘மரக்கால் - 2’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது வெறும் விறகு.

ஒரு எச்சரிக்கை. உழும்போது மண்ணுக்குள்ளிருந்து காசோ சிலையோ கிடைத்தால் அது நம் சேகரிப்புக்கு இல்லை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

செலவு ஒரு நீளநோட்டு, பென்சில், நூல்கண்டு, அவ்வளவுதான். பொருள் பத்து வருஷம் காத்திருக்கும். அதை அறிந்த பெரியவர்கள் இருக்கமாட்டார்கள். அதனால் நோட்டை எடுத்துக்கொண்டு முதலில் அவர்கள் வீட்டுத் திண்ணைக்குப் போங்கள்.