படம் மங்குகிறதா? கட்டைவிரலைக் கவனியுங்கள்!

ஆண்டுக்கு ஒருமுறைதான் ஜோர்ஜ்டவுன் பினாங்கு ஸ்திரீட்டில் உள்ள கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் புறப்படுகிறது. அன்று எடுத்த படம் மங்கிவிட்டால் அடுத்த தைப்பூசம் வரை காத்திருக்க வேண்டும். அப்போது மாணவர்கள் பலரும் முதலில் குறை சொல்வது கேமராவைத்தான். விலை கூடிய கேமரா வேண்டுமென்று பெற்றோரிடம் கேட்கும் முன், அதைப் பிடித்திருக்கும் கையைப் பாருங்கள் என்பேன்.

சிறிய மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றின் பின்புறம் வழவழப்பாக இருக்கும். கட்டைவிரலை ஊன்ற இடமில்லாததால் மற்ற விரல்கள் கேமராவை நெருக்கிப் பிடிக்கின்றன. ஷட்டர் பொத்தானோ வலது ஓரத்தில் இருக்கிறது. ஆள்காட்டி விரல் அதை அழுத்தும்போது அந்தப் பக்கம் சற்றே கீழே சாய்கிறது. இயற்பியலில் படிக்கும் திருப்புத்திறன்தான் இது. அந்தச் சிறு அசைவே படத்தை மங்கச் செய்யப் போதும்.

பழைய ஃபிலிம் கேமராக்களில் இந்தச் சிக்கல் குறைவு. 1954-இல் வந்த லைக்கா எம்3 போன்றவற்றில், ஃபிலிமை நகர்த்த வலப்புறம் ஒரு நெம்புகோல் இருந்தது. படமெடுப்பவர்கள் அதைச் சற்று வெளியே இழுத்து, கட்டைவிரலைக் கொக்கி போல மாட்டிக்கொள்வார்கள். டிஜிட்டலில் நகர்த்த ஃபிலிம் இல்லை. எனவே 2006-இல் வந்த லைக்கா எம்8-இல் அந்த நெம்புகோலும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததே ‘தம்ப் கிரிப்’ எனும் கட்டைவிரல் பிடி.

கேமராவின் தலையில் பிளாஷ் மாட்டும் தடத்தில் செருகும் சிறு உலோகத் துண்டு அது. அதன் வால் பின்பக்கம் வளைந்து நிற்கும். கட்டைவிரல் அதன் அடியில் தங்கும். இதைப் பொருத்திய பிறகு நான் உணர்ந்த பெரிய மாற்றம், மற்ற விரல்கள் தளர்ந்ததுதான். இறுக்கிப் பிடித்த கை சீக்கிரம் களைத்து நடுங்கும். தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி ஆலயத்தின் 513 படிகளைக் கேமராவோடு ஏறிப் பார்த்தால் அதன் அருமை புரியும்.

ஆனால் இது மந்திரக்கோல் அல்ல. கை அசைவைக் குறைக்குமே தவிர, எதிரே நகர்பவரை இது நிறுத்தாது. சாலையில் உடைபடும் தேங்காய்ச் சிதறலை உறைய வைக்க 1/500 வினாடி அல்லது அதைவிட வேகமான ஷட்டர் தேவை. காக்கி லீமா நிழலில் அமர்ந்து பூ கட்டுபவரை 1/60 வினாடியில் எடுக்கும்போதுதான் உறுதியான பிடி கைகொடுக்கும்.

வாங்கும் முன் மூன்றைக் கவனியுங்கள். உங்கள் கேமரா மாடலுக்கு அது பொருந்த வேண்டும். பின்புறப் பொத்தான்களையும் மேலுள்ள சுழல்களையும் மறைக்கக் கூடாது. தடத்தில் தளர்வாக இருந்தால் கூட்டத்தில் கழன்று விழும். இது இருக்கும்போது தனி பிளாஷ் மாட்ட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பயன் உண்டா என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். கேமராவில் நடுக்கம் தணிக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். சுவரில் ஒரு நாளிதழ்ப் பக்கத்தை ஒட்டி, ஒரே தூரத்தில், ஒரே வெளிச்சத்தில் நில்லுங்கள். 1/60, 1/30, 1/15 வினாடிகளில் ஐந்தைந்து படங்கள் எடுங்கள். முதலில் பிடி இல்லாமல், பிறகு பிடியோடு. பெரிதாக்கிப் பார்த்து, எழுத்துகள் தெளிவாக உள்ள படங்களை எண்ணுங்கள். ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைக்கும் அறிவியல் சோதனைதான் இது. நண்பரின் பிடியை இரவல் வாங்கிச் செய்தால் செலவே இல்லை.

காசில்லாத வழிகளும் உண்டு. முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடக்கையால் லென்சை அடியிலிருந்து தாங்குங்கள். ஐந்தடித் தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை மெல்ல விட்டு, ஷட்டரைக் குத்தாமல் அழுத்துங்கள். கைப்பேசியில் படமெடுப்பவர்கள் திரையைத் தட்டுவதற்குப் பதிலாக ஒலியளவுப் பொத்தானைப் பயன்படுத்தலாம்.

இத்தனையும் செய்த பிறகும் படம் மங்கினால், புதிய கேமராவைப் பற்றி யோசிக்கலாம்.