வடக்கே வெயிலா, இடிமழையா? வானிலைச் செய்தியைப் புரிந்துகொள்வோம்



பள்ளிக்கூடம் லீவு விட்டதும் நம் குழுக்களில் நாலு பேராவது காசி, பிரயாகை, ஹரித்துவார் என்று கிளம்பி விடுவார்கள். வீட்டுக்காரர் லாரி எடுத்துக்கொண்டு டெல்லி, கான்பூர் வரை போகிறவர்களும் இருக்கிறோம். மகன் ராணுவத்தில் ராஜஸ்தான் எல்லையில் இருக்கிறான் என்று சொல்கிற அம்மாக்களும் இருக்கிறார்கள். அதனால் ஏப்ரல் பிறந்தாலே கூட்டங்களில் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது: "டி.வி.யில ஒரு பக்கம் வட இந்தியாவுல வெப்ப அலைன்னு சொல்றாங்க, அதே ஊருக்கு இடியோட மழைன்னும் சொல்றாங்க. ரெண்டுல எதை நம்புறது?"

இரண்டையும்தான் நம்ப வேண்டும். அங்கே வெயிலும் இடிமழையும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. அந்த வெயில்தான் அந்த இடிமழையைக் கிளப்பி விடுகிறது. "சாயங்காலம் மழையாமே, அப்பாடா" என்று நாம் நினைக்கிற அதே நேரத்தில்தான் அங்கே பல குடும்பங்கள் ஆளை இழக்கின்றன. இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இந்த இதழில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

அந்தச் சமவெளியில் ஏன் அவ்வளவு வெயில்?

பஞ்சாப், ஹரியானா, டெல்லி, உத்தரப் பிரதேசம், பீகார் எல்லாம் சேர்ந்து ஒரே நீளமான சமவெளி. நமக்குச் சாயங்காலம் ஆனால் கடல்காற்று என்று ஒன்று உண்டு. அங்கே கடல் எங்கேயோ இருக்கிறது. வடக்கே இமயமலை சுவர் மாதிரி நிற்கிறது. ஏப்ரலில் கோதுமை அறுவடை முடிந்ததும் நிலமெல்லாம் வெறும் மண்ணாகக் கிடக்கும். மே, ஜூனில் பகலே சுமார் பதினாலு மணி நேரம். இது போதாதென்று ராஜஸ்தான் பாலைவனப் பக்கத்திலிருந்து நெருப்பு மாதிரி வறண்ட மேற்குக் காற்று வீசும். அதற்கு அங்கே 'லூ' என்று பெயர். ராஜஸ்தானில் பலோடி என்ற ஊரில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. நம் நாட்டிலேயே அதுதான் இதுவரை உச்சம். நமக்கு அக்னி நட்சத்திரம் மாதிரி அவர்களுக்கு 'நௌதபா' என்று ஒன்பது நாள் கணக்கு உண்டு, மே 25 வாக்கில் தொடங்கும்.

'வெப்ப அலை' என்ற வார்த்தையை வெயில் அதிகமான எல்லா நாளுக்கும் சொல்வதில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை இதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. சமவெளியில் குறைந்தது 40 டிகிரி இருக்க வேண்டும், அந்த ஊரின் வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். அல்லது நேராக 45 டிகிரியைத் தொட்டாலும் வெப்ப அலைதான். 47 என்றால் கடும் வெப்ப அலை. இந்த அளவும் வெயிலில் வைத்து எடுப்பதில்லை. காற்றுப் போகிற மரப்பெட்டிக்குள், நிழலில் வெப்பமானி வைத்து எடுப்பது. டி.வி.யில் 43 என்று சொன்னால், வயலில் குனிந்து அறுக்கிற பெண்ணின் முதுகிலும் தகரக் கூரைக்குக் கீழே சமைக்கிற பெண்ணின் முகத்திலும் அதைவிடக் கூடுதலாகத்தான் படும்.

(இன்னொன்றும் சொல்லி விடுகிறோம். 2024 மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று செய்தி பரபரத்தது. பிறகு சோதித்துப் பார்த்ததில் அந்தக் கருவி மூன்று டிகிரி அதிகமாகக் காட்டியது தெரிந்தது. பரபரப்புச் செய்தியை வாட்ஸ்அப்பில் தள்ளி விடுவதற்கு முன் ஒரு நாள் பொறுத்தால் தப்பில்லை.)

வெயில் எப்படிப் புயலாகிறது?

அடுப்பு எரியும்போது புகை மேலே போவதைப் பார்க்கிறோம். சூடான காற்று மேலேதான் போகும். பகலெல்லாம் காய்ந்த மண் அதன் மேலே இருக்கிற காற்றை இப்படித்தான் மேலே தள்ளுகிறது. அந்த நேரம் வங்காள விரிகுடாவிலிருந்து ஈரக்காற்று உள்ளே வந்திருந்தால், அந்த ஈரம் மேலே போய்க் குளிர்ந்து பெரிய மேகமாகிறது. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வருகிற 'மேற்கத்திய இடையூறு' உயரத்தில் குளிர்ந்த காற்றைக் கொண்டுவந்தால் இன்னும் மோசம். கீழே கொதிப்பு, மேலே குளிர்ச்சி. மேகம் பல கிலோ மீட்டர் உயரத்துக்கு எழும்பி விடும். இடி, மின்னல், சில சமயம் ஆலங்கட்டி எல்லாம் அங்கிருந்துதான்.

மேற்குப் பகுதியில், அதாவது ராஜஸ்தான், ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேசத்தில், இன்னொரு வேடிக்கை நடக்கும். மேகத்திலிருந்து மழை விழும், ஆனால் தரைக்கு வராது. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் 'சொய்ங்' என்று ஆவியாகிறதே, அது மாதிரி வழியிலேயே ஆவியாகி விடும். அப்போது அந்த இடத்துக் காற்று சட்டென்று குளிர்ந்து கனமாகி, தொப்பென்று கீழே விழுந்து நாலா பக்கமும் பாயும். காய்ந்த மண் சுவர் மாதிரி எழும்பி வரும். இதுதான் 'ஆந்தி' என்கிற புழுதிப்புயல். பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டிய இருட்டு. பீகார், வங்காளம் பக்கம் ஈரம் அதிகம் என்பதால் அங்கே கொட்டும் மழையோடு வரும். அதைக் 'கால்பைசாகி' என்பார்கள்.

2018 மே 2 ராத்திரி இப்படி ஒரு புயல் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆக்ரா மாவட்டத்தில்தான் அதிகம். வெயில் தாங்காமல் தவித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் வீட்டுச் சுவரும் மரமும் விழுந்தன. 2020 ஜூன் 25 அன்று பீகாரில் மின்னல் தாக்கி ஒரே நாளில் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மழை வந்ததே என்று நாற்று நடவும் உழவுக்கும் வயலில் இறங்கியிருந்தவர்கள் அதில் நிறையப் பேர். நம் நாட்டில் மின்னலால் மட்டும் ஆண்டுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் சாகிறார்கள். வெள்ளம், புயல் என்றால் தலைப்புச் செய்தி. மின்னல் ஊருக்கு ஒருவர் இருவராகக் கொண்டுபோவதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

முன்னறிவிப்பு என்றால் என்ன, எச்சரிக்கை என்றால் என்ன?

வானிலைத் துறை பிப்ரவரி கடைசியிலும் மார்ச் கடைசியிலும் கோடைகாலம் முழுவதற்கும் ஒரு முன்னோட்டம் வெளியிடும். 'இந்த ஆண்டு வெப்ப அலை நாட்கள் வழக்கத்தைவிட அதிகம்' என்று செய்தி வருவது அதை வைத்துத்தான். 2024-ல் ஏப்ரல் முதல் ஜூன் வரை வழக்கமாக 4 முதல் 8 நாள் இருக்கிற வெப்ப அலை, பல இடங்களில் 10 முதல் 20 நாள் வரை இருக்கலாம் என்றார்கள். வடக்கே அந்த மே, ஜூன் நிஜமாகவே கொடுமையாக இருந்தது.

2025-லும் வெப்ப அலை நாட்கள் கூடும் என்றுதான் சொன்னார்கள். ஆனால் அந்த மே மாதம் நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 1901-க்குப் பிறகு அதிக மழை பெய்த மே ஆகிவிட்டது. வடக்கே இடிமழை மேல் இடிமழை. சரி, வெயில் போச்சு என்று நினைத்தால், ஜூனில் ராஜஸ்தான் ஸ்ரீகங்காநகரில் 49 டிகிரியைத் தாண்டியது.

அப்படியென்றால் முன்னோட்டம் பொய்யா? இல்லை. மூன்று மாதத்தையும் சேர்த்து, வெயில் கூடும் வாய்ப்பு அதிகமா குறைவா என்று மட்டும்தான் அது சொல்லும். மே 14-ஆம் தேதி காசியில் என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியாது. குழுவில் கடன் கொடுக்கும்போது 'இவர் ஒழுங்காகக் கட்டுவார்' என்று ஒரு கணிப்பு வைக்கிறோம். எந்த மாதம் தவணை தவறும் என்று சொல்ல முடிகிறதா? அது மாதிரிதான். ரயில் டிக்கெட் எடுக்கும் முன் முன்னோட்டத்தைப் பாருங்கள். கிளம்பும் வாரத்தில் அதை ஓரமாக வைத்து விட்டு, அந்த மாவட்டத்துக்கான தினசரி எச்சரிக்கையைப் பாருங்கள். பச்சை என்றால் கவலையில்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆரஞ்சு என்றால் தயாராக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் திட்டத்தையே மாற்ற வேண்டும். ஒரே நாளில் வெயிலுக்கு ஒரு நிறமும் இடிமழைக்கு ஒரு நிறமும் இருக்கலாம், குழம்ப வேண்டாம். வானிலைத் துறையின் 'மௌசம்' செயலியில் இதைப் பார்க்கலாம். மின்னலுக்கு என்றே புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 'தாமினி' என்ற செயலி வைத்திருக்கிறது. நாம் நிற்கிற இடத்தைச் சுற்றி மின்னல் விழுந்தால் காட்டும். வீட்டில் பிள்ளைகளிடம் சொன்னால் போனில் போட்டுத் தருவார்கள்.

பானைத் தண்ணீர் சொல்லும் கணக்கு

மண்பானைத் தண்ணீர் சித்திரையில் ஜில்லென்று இருக்கும், மழைக்காலத்தில் அவ்வளவு குளிராது. பானையின் மேல் கசிகிற ஈரம் காய்ந்தால்தான் உள்ளே குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் எப்படிக் காயும்? நம் உடம்பும் பானைதான். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். அதனால் மே மாதம் ராஜஸ்தானில் வறண்ட 44 டிகிரியைவிட, ஜூனில் மழைக்கு முன் பீகாரில் புழுக்கத்தோடு வரும் 40 டிகிரி உடம்பை அதிகம் படுத்தலாம். இடிமழை பெய்து அரை மணி நேரம் சுகமாக இருக்கும். மறுநாள் வெயில் ஏறியதும் அந்த ஈரமே புழுக்கமாகத் திரும்பி வரும். ராத்திரியும் சூடு இறங்கவில்லை என்றால் உடம்புக்கு ஓய்வே கிடையாது. மூன்றாவது, நாலாவது நாளில்தான் ஆள் விழுவார்.

இதில் பெண்கள் பாடு தனி. காற்று வராத அடுப்படியில் விறகும் வறட்டியும் எரித்து மதியச் சமையல், தலையில் முக்காடு, செங்கல் சூளையில் ஜூன் வரை வேலை. இதைவிடக் கொடுமை, ஒதுங்க இடமில்லை என்று பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமலே இருப்பது. இது வடக்கே மட்டும் நடக்கிறதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். யாத்திரை பஸ்ஸிலும் நம் பெண்கள் இதைத்தான் செய்கிறார்கள். தயவு செய்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். பஸ் ஏற்பாடு செய்கிறவரிடம் எங்கெங்கே நிறுத்துவீர்கள் என்று முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

போகிறவர்கள் கவனத்துக்கு

காசியில் மே மாதம் 40 டிகிரிக்கு மேல் போவது சாதாரணம். படித்துறைக் கல் வெறுங்காலைப் பொசுக்கி விடும். கங்கைக் குளியல், கோவில் எல்லாவற்றையும் காலை பத்து மணிக்குள் முடித்து விடுங்கள். அங்கே மாங்காயைச் சுட்டுப் பிழிந்து உப்பு, சீரகம் போட்டு 'ஆம் பன்னா' என்று தருவார்கள். பீகார் பக்கம் வறுத்த கடலை மாவைக் கரைத்துச் 'சத்து' பானம் தருவார்கள். இரண்டுமே நல்லது, நல்ல தண்ணீரில் கலக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். வெங்காயத்தைப் பையில் வைத்துக்கொண்டால் லூ அடிக்காது என்றும் சொல்வார்கள். சாப்பாட்டோடு கடித்துக்கொள்ளுங்கள், பையில் இருந்து அது ஒன்றும் செய்யாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பத்து எடுத்துப் போங்கள். தீர்ந்து விட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

கூட வந்தவர் வெயிலில் உளற ஆரம்பித்தால், தள்ளாடினால், உடம்பு நெருப்பாய்ச் சுட்டால், அது மயக்கம்தானே என்று விடாதீர்கள். அது ஹீட் ஸ்ட்ரோக், உயிர் போகும். நிழலுக்குத் தூக்கிப்போய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. 112-க்கு போன் செய்யுங்கள், இந்தியா முழுக்க அந்த எண் உண்டு.

மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்து கிலோ மீட்டருக்குள் இருக்கிறது, உடனே கட்டடத்துக்குள் போய் விட வேண்டும். படகில் இருந்தால் கரைக்குத் திருப்பச் சொல்லுங்கள். மரத்தடி வேண்டவே வேண்டாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வரலாம். லாரி ஓட்டுகிறவர்களுக்கு, கண்ணாடி ஏற்றிய கேபின் மின்னலுக்குப் பாதுகாப்பு. ஆனால் புழுதி எழும்பினால் மரத்துக்கும் விளம்பரப் பலகைக்கும் தள்ளி, சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி நிறுத்த வேண்டும்.

நம் கூட்டமைப்பு யோசிக்க வேண்டிய ஒரு செய்தியும் உண்டு. அகமதாபாத்தின் சேவா அமைப்பு 2023-ல் குஜராத்தில் தன் உறுப்பினர்களுக்கு வெப்பக் காப்பீடு ஒன்றைத் தொடங்கி, 2024-ல் ராஜஸ்தானுக்கும் மகாராஷ்டிராவுக்கும் கொண்டுபோனது. உப்பளத்தில், தெருவோரக் கடையில், தலைச்சுமையில் பிழைக்கிற பெண்கள் அவர்கள். மருத்துவ பில், சான்றிதழ் எதுவும் கேட்பதில்லை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வெயில் ஏறினால் பணம் கணக்கில் விழும். தொகை பெரிதில்லை, ஒரு நாள் இரண்டு நாள் கூலி அளவுதான். இன்னும் அரை டிகிரி ஏறவில்லை என்பதற்காகப் பணம் வராமல் போகிற சிக்கலும் அதில் இருக்கிறது. ஆனாலும் சிவப்பு எச்சரிக்கை நாளில் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்க அந்தக் கூலி ஒரு தைரியம் தருகிறது என்பது எங்கள் கருத்து. அடுத்த மாதப் பிரதிநிதிகள் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்திருக்கிறோம். குழுக்களில் பேசி விட்டு வாருங்கள். கோடையில் வடக்கே போகிற உறுப்பினர்களின் பெயரும் தேதியும் எழுதிக்கொண்டு வந்தால், அந்தந்த மாவட்ட எச்சரிக்கையைப் பார்த்து ஊக்குநர் மூலம் தகவல் சொல்ல முடியும்.