பிள்ளைக்கு இலவசம், உடனிருக்கும் தாயின் கூலிக்கு யார் பொறுப்பு?

“முப்பது நாள் ஆகப்போகிறது. பிள்ளையை வெளியே அனுப்பிவிடுவார்களா?” அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் மகனையோ மகளையோ சேர்த்திருக்கும் பெற்றோரின் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. முப்பது நாள் கெடு உண்மைதான். ஆனால் அது பிள்ளைக்கு விதித்த கெடு அல்ல. மருத்துவமனைக்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கும் விதித்த கெடு.

மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, 87-ஆம் பிரிவின்படி, 18 வயது நிரம்பாத ஒருவரைச் சேர்த்தால் 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். சிகிச்சை 30 நாளைத் தொட்டால் உடனே மறுபடியும் தெரிவிக்க வேண்டும். அதிலிருந்து 7 நாளுக்குள் வாரியம் அந்தச் சேர்க்கையை ஆராய வேண்டும். பிறகு ஒவ்வொரு 30 நாளுக்கும் ஒரு முறை. தேவை இருக்கும்வரை சிகிச்சை தொடரும்.

இந்த ஆய்வை அதிகாரிகள் பெரிய பாதுகாப்பு என்பார்கள். சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மருத்துவக் குறிப்புகளைப் பார்ப்பதை மட்டும்தான். பிள்ளையை நேரில் சந்தித்துப் பேசுவது வாரியத்தின் விருப்பம். எனவே பிள்ளையிடமும் பேச வேண்டும் என்று பெற்றோரே வாரியத்துக்கு எழுதிக் கேட்பது நல்லது.

சேர்க்கும்போதும் ஒரு நிபந்தனை உண்டு. மனநல மருத்துவர் ஒருவரும், இன்னொரு மனநல மருத்துவரோ மனநலப் பணியாளரோ பொது மருத்துவரோ ஒருவரும் தனித்தனியே பரிசோதித்து, சேர்ப்பதைத் தவிர வழியில்லை என்ற முடிவுக்கு வர வேண்டும். வெளியில் கிடைக்கும் மாற்றுச் சிகிச்சைகள் பலன் தரவில்லை, அல்லது இந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது என்பதும் தெளிவாக வேண்டும். 2015-16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோருக்கு மருத்துவமனையில் தங்கவே தேவையில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் தொடர்ந்து ஆலோசனை கிடைத்தால் போதும். அது கிடைக்காத ஊரில் எந்த மாற்றைச் செய்துபார்த்துத் தோற்றார்கள்? இந்தக் கேள்வியைச் சேர்க்கைப் படிவம் கேட்பதில்லை.

கூட இருக்க ஆள்

87-ஆம் பிரிவிலேயே மிக நுட்பமானதும், மிகவும் கவலை தருவதும் வேறொரு விதி. பிள்ளையின் நியமனப் பிரதிநிதியோ (பெரும்பாலும் தாயோ தந்தையோ) அவர் அமர்த்தும் ஒருவரோ, சேர்த்த நாளிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும் நாள்வரை, எந்தச் சூழ்நிலையிலும் பிள்ளையுடன் மருத்துவமனையில் தங்க வேண்டும். பெண் பிள்ளைக்குப் பிரதிநிதி ஆணாக இருந்தால், ஒரு பெண்ணை அவர் அமர்த்தித் தங்கவைக்க வேண்டும்.

இந்த விதியின் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. உறவினர் கண்காணிப்பு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு ஏர்வாடியில் பார்த்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கிருந்த மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். தாய் பக்கத்தில் இருந்தால் பிள்ளையை அடிப்பதும் கட்டுவதும் கடினம். குடும்பம் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மறைவதும் கடினம். மருந்தின் விளைவுகளையும், பிள்ளையிடம் பேசும் முறையையும் தாய் அங்கேயே கற்றுக்கொள்கிறார். வீடு திரும்பிய பின் அதுதான் கைகொடுக்கும்.

ஆனால் இதற்கான செலவைப் பற்றி அந்தப் பிரிவு ஒரு வரிகூடப் பேசவில்லை. அரசு இலவசம் என்று சொல்வது படுக்கைக்கும் மருந்துக்கும் மருத்துவருக்கும் மட்டும்தான். நூறு நாள் வேலைக்கோ வீட்டு வேலைக்கோ போகும் தாய் முப்பது நாள் வார்டில் தங்கினால் முப்பது நாள் கூலி போகிறது. வீட்டில் இருக்கும் மற்ற பிள்ளைகளுக்குச் சோறாக்க ஆள் வேண்டும். மனைவியை இழந்த தந்தை, மகளுடன் தங்க ஒரு பெண்ணை எங்கே தேடுவார், என்ன கொடுப்பார்? பிரதிநிதி டிஸ்சார்ஜ் கேட்டால் பிள்ளையை அனுப்பிவிட வேண்டும் என்கிறது அதே பிரிவு. கூலி இழப்பைத் தாங்க முடியாத குடும்பம் சிகிச்சை பாதியில் இருக்கும்போதே கையெழுத்துப் போட்டுக் கிளம்புவதற்கு வழி திறந்தே இருக்கிறது. பதிவேட்டில் அது “பெற்றோர் விருப்பத்தின் பேரில்” என்று பதிவாகும்.

பணமில்லை என்று அரசு சொல்ல முடியாது. கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாட்டுக்காக மறுவாழ்வு மையத்தில் சேர்க்கப்படும் குழந்தையுடன் தங்கும் தாய்க்கு, இழந்த கூலிக்கு ஈடாகத் தொகை வழங்க தேசிய சுகாதார இயக்கத்தின் வழிகாட்டுதல் வகை செய்கிறது. உடல் மெலிந்த குழந்தையின் தாய்க்குப் பொருந்தும் நியாயம், மனம் நொந்த பிள்ளையின் தாய்க்கு ஏன் பொருந்தாது?

மற்ற கேள்விகள்

பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோ இல்லாத பிள்ளைக்கு? வாரியம் தகுந்த ஒருவரைப் பிரதிநிதியாக நியமிக்கும். யாரும் கிடைக்காவிட்டால் மாநில சமூக நலத்துறை இயக்குநர் அல்லது அவர் நியமிப்பவர்.

பெரியவர்களுடன் ஒரே வார்டில் வைக்கலாமா? கூடாது.

மின்னதிர்வு சிகிச்சை? சிறாருக்குத் தடை. ஆனால் மனநல மருத்துவர் அவசியம் என்று கருதினால் காப்பாளர் சம்மதமும் வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும்.

சிகிச்சையின் நடுவில் 18 வயது நிரம்பினால்? அன்றிலிருந்து அவர் தனக்காகத் தானே முடிவெடுக்கும் நோயாளி.

வறுமைக்கோட்டு அட்டை இல்லை என்றால்? வறுமையில் இருப்பவருக்கு அட்டை இல்லாவிட்டாலும் அரசு நடத்தும், அரசு நிதி பெறும் மனநல நிறுவனங்களில் சிகிச்சை இலவசம்.

அறிவுசார் குறைபாடு மட்டும் உள்ள பிள்ளை? இந்தச் சட்டத்தில் வராது.

உடனே யாரிடமாவது பேச? டெலிமானஸ் தொலைபேசி உதவி எண், 14416.

2018 மே 29 முதல் இந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. தாய் உடன் தங்குவதைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும்போது, அவர் இழக்கும் கூலியும் சிகிச்சைச் செலவுதான். தமிழக அரசு அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே அதற்கு ஒரு தொகை ஒதுக்க வேண்டும். அதுவரை அந்தச் சிகிச்சையை இலவசம் என்று சொல்வது முழு உண்மை ஆகாது.