சுற்றுலா: காட்டுவதும் காப்பதும்

வாருங்கள் என்று உலகத்தை அழைக்கிறது இந்தியா. வருகிறவர்களின் மூச்சுக்காற்றுகூடச் சின்னங்களைப் பதம் பார்க்கிறது. கதவை எவ்வளவு திறப்பது?

பௌர்ணமி இரவில் தாஜ்மகாலைக் காண 400 பேருக்குத்தான் அனுமதி. ஐம்பது ஐம்பது பேராக எட்டுக் குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் அரை மணி நேரம். பௌர்ணமியோடு அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாட்கள் என்று மாதத்துக்கு ஐந்தே இரவுகள். அதிலும் வெள்ளிக்கிழமைகளும் ரம்ஜான் மாதமும் கிடையாது. சமாதியை நெருங்க முடியாது. தொலைவில் செம்மணற்கல் மேடையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பாதுகாப்பைக் காரணம் காட்டி 1984இல் நிறுத்தப்பட்ட இந்த நிலவொளிக் காட்சியை 2004 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் அனுமதித்தபோது விதித்த நிபந்தனைகள் இவை.

பகலில் நிலைமை நேர் எதிர். விடுமுறை நாட்களில் பல்லாயிரக்கணக்கானோர் நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிறார்கள். ஒரே கட்டடத்துக்கு இரவில் ஒரு நியாயம், பகலில் ஒரு நியாயம். இந்தியச் சுற்றுலாவின் தீராத சிக்கலே இதுதான். நாட்டின் பெருமையை வெளிநாட்டாருக்குக் காட்ட வேண்டும். காட்டுவதாலேயே அது தேய்ந்துவிடவும் கூடாது.

2002இல் ‘இன்கிரெடிபிள் இந்தியா’ விளம்பரத்தைத் தொடங்கிய நாள் முதல் மத்திய சுற்றுலாத் துறை உலகத்தைக் கூவி அழைத்துவருகிறது. பலனும் உண்டு. கோவிட் தாக்குவதற்கு முந்தைய ஆண்டான 2019இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 1.09 கோடி. காட்டவும் சரக்குக்குப் பஞ்சமில்லை. 1983இல் தாஜ்மகால், ஆக்ரா கோட்டை, அஜந்தா, எல்லோரா ஆகிய நான்குடன் தொடங்கிய இந்தியாவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியல் 2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகள் சேர்ந்ததும் 44 ஆனது. ஆனால் முதல்முறை வருகிற பயணி பெரும்பாலும் சுற்றுவது தில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் என்ற பழைய முக்கோணத்தைத்தான்.

தாஜுக்கு வரும் கூட்டத்தில் பெரும் பகுதி உள்நாட்டவர்தான். வருமானத்தில் மட்டும் வெளிநாட்டவரின் பங்கு கனமானது. 2018இல் கட்டணம் இந்தியருக்கு ரூ.50 என்றும் வெளிநாட்டவருக்கு ரூ.1,100 என்றும் உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வளாகத்தில் இருக்கக் கூடாது என்ற விதி வந்தது. டிசம்பரில் சமாதிக்குள் செல்லத் தனியாக ரூ.200 கட்டணமும் சேர்ந்தது. பணம் பண்ணுவதைவிட, உள்ளே நெரிசலைக் குறைப்பதே நோக்கம் என்றது தொல்லியல் துறை.

நெரிசலால் என்ன கெடுதல்? சமாதிக்குள் வெளிச்சமும் காற்றோட்டமும் குறைவு. ஆயிரக்கணக்கானோரின் மூச்சு விடும் ஈரம் சுவரில் படிகிறது. கைபட்ட இடமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. காற்று மாசு வேறு. அதனால் 1994 முதல் தாஜின் பளிங்குக்கு அவ்வப்போது முல்தானி மட்டி பூசிக் கழுவுகிறார்கள். அழகு நிலையத்தில் முகத்துக்குச் செய்கிற அதே வைத்தியம். யமுனையும் தன் பங்குக்குச் சோதிக்கிறது. அழுக்கு நீரில் பெருகிய பூச்சிகள் சுவரில் பச்சைக் கறை படியச் செய்ததை 2016இல் நாடே பார்த்தது. பயணிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்பதற்கு அந்தக் கறையே சாட்சி.

பளிங்கையாவது கழுவலாம். மண்ணை?

அஜந்தாவின் முப்பது குகைகளில் உள்ள ஓவியங்கள் பாறைமீது நேரடியாகத் தீட்டப்பட்டவை அல்ல. வைக்கோலும் உமியும் கலந்த மண் பூச்சின்மேல் தீட்டப்பட்டவை. ஈரம் ஏறினால் பூச்சு உப்பி உதிர்ந்துவிடும். 1819இல் சென்னை ராணுவத்தின் குதிரைப்படை அதிகாரி ஜான் ஸ்மித் புலி வேட்டைக்கு வந்த இடத்தில் தற்செயலாகக் கண்ட குகைகள் இவை. காட்டுக்குள் மறந்து கிடந்த நூற்றாண்டுகளில் தாக்குப்பிடித்த ஓவியங்களுக்கு, கண்டெடுக்கப்பட்ட பிறகுதான் சோதனைக் காலம். முதலில் வந்தவர்கள் தூண்களிலும் சுவர்களிலும் பெயர்களைக் கிறுக்கினார்கள். ஸ்மித்தின் பெயரே பத்தாம் குகையில் இருக்கிறது. பாதுகாக்க வந்தவர்களும் விட்டுவைக்கவில்லை. ஹைதராபாத் நிஜாமின் அரசு 1920இல் வரவழைத்த இத்தாலிய நிபுணர்கள் உதிர்ந்துகொண்டிருந்த வண்ணங்களை ஒட்டவைத்தார்கள். ஆனால் மேலே பூசிய வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளித்து ஓவியங்களை மங்கவைத்தது. அதை அகற்றுவதே பின்னால் வந்த வேதியியலாளர்களுக்குப் பெரிய வேலையாயிற்று.

இன்று அஜந்தாவில் கெடுபிடி அதிகம். வாகனங்கள் சுமார் நான்கு கிலோமீட்டருக்கு முன்பே நிறுத்தப்படுகின்றன. அங்கிருந்து தனிப் பேருந்து. குகைக்குள் ஃபிளாஷ் போட்டுப் படமெடுக்கத் தடை. மங்கலான விளக்கொளிதான். கடல் கடந்து வந்த பயணிக்கு இருட்டில் எதுவும் தெரியவில்லையே என்ற ஏமாற்றம் வருவது இயல்பு. இதற்கு மாற்றாகத்தான் ஜப்பானியக் கடனுதவியோடு பயணியர் மையம் கட்டி, 1, 2, 16, 17 எண்களைக் கொண்ட குகைகளின் மாதிரிகளை அமைத்தார்கள். நல்ல யோசனை. மாதிரியில் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு அசலைச் சில நிமிடங்கள் தரிசித்தால் போதும். ஆனால் மின்சார, தண்ணீர்க் கட்டண பாக்கியால் 2018இல் மையமே மூடப்பட்டது. கட்டுவதில் உள்ள உற்சாகம் நடத்துவதில் இருப்பதில்லை.

இயற்கை அதிசயங்களின் கதை இன்னும் கடுமை. 7,816 மீட்டர் உயர நந்தாதேவிச் சிகரத்தைச் சுற்றிய உட்பள்ளத்தாக்குக்குள் எரிக் ஷிப்டனும் பில் டில்மனும் 1934இல் வழி கண்டு நுழையும்வரை அது மனிதக் காலடி படாத இடமாகவே கருதப்பட்டது. 1974இல் வெளிநாட்டு மலையேறிகளுக்குத் திறந்துவிட்டார்கள். கூட்டம் குவிந்தது. முகாம்களில் குப்பை சேர்ந்தது. விறகுக்காக மரம் செடிகள் வெட்டுப்பட்டன. 1982இல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்ததோடு கதவு சாத்தப்பட்டது. பள்ளத்தாக்கு மெல்லத் தேறியது. 1988இல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் கிடைத்தது.

ஆனால் பூட்டுக்கு விலை கொடுத்தது யார்? சுமை தூக்கியும் வழிகாட்டியும் பிழைத்த லாதா, ரேணி போன்ற கிராமங்களின் மக்கள். ஆடு மேய்க்கும் உரிமையும் போயிற்று. மரங்களைக் காக்க 1974இல் சிப்கோ போராட்டம் நடத்திய அதே ரேணி! 2001இல் இந்தப் பள்ளத்தாக்கு மக்கள் கூடி ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். சுற்றுலா வேண்டும், ஆனால் அது உள்ளூரார் கையில், மலைக்குக் கேடில்லாத வகையில் நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். பின்னர் பூங்காவின் ஒரு சிறு பகுதி மட்டும் குறைந்த எண்ணிக்கையிலான மலைநடைப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. வழிகாட்டிகள் உள்ளூர்க்காரர்கள்.

மூன்று இடங்களும் சொல்லும் பாடம் ஒன்றே. முழுக்கத் திறந்தால் சின்னம் அழியும்; முழுக்க மூடினால் அதைச் சார்ந்த மனிதர்கள் அழிவார்கள். எண்ணிக்கைக்கு வரம்பு கட்டி, ஏன் அந்த வரம்பு என்பதைப் பயணிக்குச் சொல்லிப் புரியவைப்பதே நடுவழி. காரணம் தெரிந்தவர் சுவரில் கை வைக்க மாட்டார். அதைச் சொல்ல வேண்டிய வழிகாட்டிகளில் பலரோ இன்னும் ஷாஜகான் கைவினைஞர்களின் கைகளை வெட்டிய கதையையும் கறுப்புத் தாஜின் கதையையும்தான் ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் கதைக்கு ஆதாரம் கிடையாது. இரண்டாவதை அகழாய்வே பொய்யாக்கிவிட்டது.

கறுப்புத் தாஜ் எழும்பியதாகச் சொல்லப்படும் இடம் யமுனையின் மறுகரையில் இருக்கும் மேதாப் பாக். 1990களில் தோண்டிப் பார்த்தபோது கிடைத்தது எண்கோணக் குளம் கொண்ட ஒரு முகலாயத் தோட்டம். அந்தக் குளத்து நீரில் தாஜின் பிம்பத்தைக் கண்டு ரசித்திருக்கிறார்கள். எதையும் தொடாமல், நெரிசலில் சிக்காமல் தாஜைப் பார்க்க இன்றும் அதைவிட நல்ல இடமில்லை. சாயங்கால வெயிலில் அங்கே உட்கார்ந்து எத்தனை நேரம் பார்த்தாலும் பளிங்கில் ஒரு கீறலும் விழாது.