வைக்கிங் தொடரும் நம் வீட்டுத் தமிழும்

சங்க மலரில் கல்பாத்திக்காரன் ஒருவன் வைக்கிங் தொலைக்காட்சித் தொடரைச் சிபாரிசு செய்வது விசித்திரமாகப் படலாம். கப்பலேறிக் கொள்ளையடித்தவர்களிடம் நமக்கென்ன பாடம் என்று கேட்பேள். ஊர் விட்டு ஊர் போனவனின் பாஷை என்ன ஆகிறது என்பதை அவர்கள் சரித்திரம் நன்றாகக் காட்டுகிறது. அதாக்கும் காரணம்.

மைக்கேல் ஹர்ஸ்ட் எழுதிய 'வைக்கிங்ஸ்' 2013 முதல் 2020 வரை 89 பகுதிகளாக வந்தது. நாயகன் ராக்னர் ஒரு குடியானவன். ஊர்த்தலைவன் கிழக்கே போகச் சொல்ல, இவன் ரகசியமாகக் கப்பல் கட்டி மேற்கே போகிறான். முதல் பகுதியிலேயே 'திங்' என்னும் ஊர்ச்சபை வருகிறது. உத்திரமேரூர்க் குடவோலையை அறிந்த நமக்கு இது அன்னியமில்லை. தலைவன் என்றால் சபைக்குப் பதில் சொல்ல வேண்டியவன் என்பது இரண்டிலும் உண்டு.

தொடரைச் சரித்திரமாக அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. லிண்டிஸ்ஃபார்ன் மடம் கொள்ளை போனது 793-ல். ரோலோ பிரெஞ்சு மண்ணில் நிலம் பெற்றது 911-ல். தொடரில் அவர் ராக்னரின் உடன்பிறந்தவர். இடையிலுள்ள 118 வருஷத்தைக் கதாசிரியர் சுருக்கிவிட்டார்.

ரோலோ அந்நிய பாஷை கற்கும் காட்சிகளைக் கவனியுங்கள். அவருடைய பேரன் ரிச்சர்டை, முன்னோர் பாஷை கற்பதற்காகவே பையூ நகரத்துக்கு அனுப்பினார்கள் என்று டூடோ என்ற பழைய சரித்திரக்காரர் எழுதுகிறார். தலைநகர் ரூவானில் அதற்குள் பிரெஞ்சே மேலோங்கிவிட்டது! ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பும் நமக்கு இது புரியும். பிறகு நார்மண்டியில் அந்தப் பாஷை வழக்கொழிந்தது. ஆளில்லாத தீவாக இருந்த ஐஸ்லாந்தில் குடியேறியவர்களோ 930-ல் 'ஆல்திங்' சபை கூட்டி, சட்டத்தைத் தங்கள் பாஷையிலேயே வாய்விட்டுச் சொன்னார்கள். பின்னால் கதைகளையும் அதிலேயே எழுதினார்கள். 13-ஆம் நூற்றாண்டுக் கதைகளை அந்நாட்டுப் பிள்ளைகள் இன்றும் அதிக சிரமமின்றிப் படிக்கிறார்கள்.

கல்பாத்தி விசுவநாதசுவாமி கோவில் 1425-ஆம் வருஷத்தது என்பார்கள். நாம் நார்மண்டிக்காரர் போல வேறு பாஷைக்காரர் நடுவில்தான் குடியேறினோம். ஆனாலும் தமிழ் போகவில்லை. மலையாளம் கலந்தது வாஸ்தவம். கோவில், ரதோற்சவம், சுவரோடு சுவர் ஒட்டிய அக்ரஹார வீடுகள், தமிழ்க் குடும்பத்துக்குள்ளேயே கல்யாணம் - இவை காத்தன. அந்தக் கட்டுக்கு விலையும் இருந்தது. 1924-ல் கல்பாத்தித் தெருவில் நுழைய ஈழவர் முயன்றபோது தடுக்கப்பட்டார்கள். வைக்கிங் சபையிலும் அடிமைகளுக்கு இடமில்லை.

இன்று மும்பையிலோ டில்லியிலோ நமக்கு அக்ரஹாரமில்லை. பழைய வேலியும் வேண்டாம். வேலி இல்லாமல் பாஷையைக் காப்பது எப்படி என்பதுதான் நம் கேள்வி. பிள்ளைகள் தமிழில் பேச, சண்டை போட, தீர்மானம் எடுக்க ஒரு சபை வேண்டும்; சங்கம் அதுவாகலாம்.

தொடரில் ரத்தக்காட்சிகளும் படுக்கையறைக் காட்சிகளும் நிறைய உண்டு. ஆகவே சிறுவர்களுக்கு வேண்டாம். பதினெட்டு தாண்டிய பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். வசனம் இங்கிலீஷில் இருக்கட்டும். ராக்னர் செய்தது நியாயமா, ரோலோ செய்தது துரோகமா என்ற தர்க்கத்தை மட்டும் தமிழில் வைத்துக்கொள்ளுங்கள்.