பழம் படங்களும் புது நிறங்களும்

ஓவியன் தீட்டிய ஓவியம் ஒன்றே. அதனைக் காண விழைவோர் அஃது இருக்குமிடம் நாடிச் செல்லல் வேண்டும். திரைப்படமோ பிரதிகளாலேயே உயிர் வாழ்வது. மூலமாகிய நெகட்டிவ் சுருள் குளிரறையிற் பூட்டுண்டு கிடக்க, அதன் வழித்தோன்றிய பிரதிகளே மக்கள் கண்முன் நிற்கின்றன. ஆதலின், படத்தின் நிறம் பிரதி எடுப்போர் கையில் அடைக்கலப் பொருளாக உள்ளது. பழைய படங்களை இல்லத்திலிருந்தே கண்டு மகிழுமாறு வட்டுக்களாக வெளியிடும் இக்காலத்தில், அவ்வடைக்கலப் பொருள் எவ்வாறு காக்கப்படுகின்றது, எவ்வாறு மாறிவிடுகின்றது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நெகட்டிவிலிருந்து பிரதி அச்சிடுங்கால் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூவகை ஒளிகள் அதனூடே செலுத்தப்படும். இவற்றுள் ஒன்றைக் கூட்டியும் ஒன்றைக் குறைத்தும் ஒவ்வொரு காட்சிக்கும் உரிய நிறம் வகுக்கப்படும். நண்பகலிற் பிடித்த காட்சியும் மாலையிற் பிடித்த காட்சியும் அடுத்தடுத்து வருங்கால் கண்ணை உறுத்தாமல் இசைவது இம்முறையாலேயாம். ஆகவே, நெகட்டிவ் ஒன்றே படத்தின் நிறத்தை முற்றும் அறிவிக்கவல்லதன்று. ஒளிப்பதிவாளர் கண்டு ஒப்புக்கொண்ட பிரதியே அதற்குத் தக்க சான்றாகும்.

அச்சான்றுக்குக் காலமே முதற் பகை. 1950-ஆம் ஆண்டிற்குப்பின் பரவிய ஈஸ்ட்மன் கலர் பிரதிகளில் சாயங்கள் நாளடைவில் மங்கின. பலவற்றில் ஏனைய நிறங்கள் ஒழிந்து செந்நிறமே எஞ்சிற்று. டெக்னிக்கலர் முறையிற் சாயம் தோய்த்து அச்சிட்ட பிரதிகளோ பல்லாண்டு கழிந்தும் பெரிதும் நிறங் கெடாமல் நிற்பன. பழுதுற்ற படங்களைச் சீர்செய்வோர் இவற்றை அரும்பொருளாகத் தேடுவதற்குக் காரணம் இதுவே.

இக்காலத்துச் சீர்செய்யும் முறை முன்னையதினும் வேறானது. சுருளிலுள்ள ஒவ்வொரு சிறு படமும் எண்களாக மாற்றப்பட்டுக் கணினியுட் புகும். நொடிக்கு 24 சிறு படங்களாக 104 நிமிடம் ஓடும் படமொன்றில் 1,49,760 சிறு படங்கள் உள. முன்னாளில் அச்சிடும் ஒளியை மாற்றினால் காட்சி முழுவதும் ஒருங்கே மாறும். இன்றோ வானத்தை மட்டும் நீலமாக்கலாம். முகத்தை மட்டும் பொன்னிறமாக்கலாம். 2000-இல் வெளிவந்த ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ என்னும் படத்தில் மிசிசிப்பி நாட்டுக் கோடைப் பசுமை இவ்வாறே உலர்ந்த மஞ்சளாயிற்று. அது புதுப்படம்; ஆக்கியோர் தாம் கருதியவாறே ஆக்கினர்; அதிற் குறையொன்றுமில்லை. முன்னரே மக்கள் கண்டு போற்றிய படத்தின்மீது இவ்வாற்றலைச் செலுத்துங்கால்தான் வினா எழுகின்றது.

இவ்வாற்றலை அடக்கத்துடன் கையாண்டமைக்கு 1972-இல் வெளிவந்த ‘தி காட்பாதர்’ நல்ல எடுத்துக்காட்டு. பலமுறை பிரதியெடுத்தமையால் அதன் நெகட்டிவ் மிகவும் தேய்ந்திருந்தது. ராபர்ட் ஹாரிஸ் என்பார் அதனைச் செம்மை செய்ய, 2008-இல் வட்டாக வெளிவந்தது. ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் கண்கள் நிழலில் மறையுமாறும், மஞ்சட் சாயல் ஓங்குமாறும் அப்படத்தைப் பிடித்திருந்தார். செம்மை செய்தோர் அவரிடம் கருத்துக் கேட்டனர். நன்கு தெரியவேண்டும் என்பதற்காக இருளைப் போக்கினாரல்லர்.

இனி, மறுதலையைக் காண்போம். 1971-இல் வெளிவந்த ‘தி பிரெஞ்சு கனெக்‌ஷன்’ ஐந்து ஆஸ்கர் பரிசுகளைப் பெற்றது. டைரக்டர் வில்லியம் பிரீட்கின். ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன். நியூயார்க் நகரத்துக் குளிர்கால வீதிகளில், ஆங்கு இயல்பாகக் கிடைத்த ஒளியையே பெரிதும் துணைக்கொண்டு படம் பிடித்தனர். அழுக்கேறிய சுவரும் வெளிறிய வானும் அந்நகர வாழ்வின் கடுமையைச் சொல்லாமற் சொல்லின. 2009-இல் அது புளூ-ரே வட்டாக வெளிவந்தபோது, பிரீட்கின் வண்ணத்தை மிகுவித்து, அதன் கூர்மையைக் குறைத்து, கறுப்பு வெள்ளை உருவத்தோடு இணைத்தார். ஜான் ஹூஸ்டன் 1956-இல் ‘மோபி டிக்’ படத்திற் கையாண்ட முறையை அதற்கு முன்மாதிரியாகக் காட்டினார். பழைய படத்தின் நிறங்கள் கரைந்து வெளிறின. ராய்ஸ்மன் தம்மைக் கலந்துகொள்ளவில்லை என்றும், அது தாம் பிடித்த படமன்று என்றும் வெளிப்படையாகக் கண்டித்தார். பின்னர், 2012-இல் இருவரும் மேற்பார்த்த மறுபதிப்பொன்று வெளிவந்தது. பழைய தோற்றமும் பெரும்பாலும் மீண்டது.

“தான் ஆக்கிய படத்தை மாற்ற டைரக்டருக்கு உரிமை இல்லையோ?” எனின், உண்டு என்றே கூறுவோம். புலவன் தன் நூலைத் திருத்தி இரண்டாம் பதிப்பு வெளியிடுவதில்லையா? ஆயின், நூலின் முதற்பதிப்பு நூலகத்தில் இருக்கும். வேண்டுவோர் இரண்டையும் ஒப்புநோக்கலாம். படத்தின் முதற்பிரதியோ பொதுமக்கட்கு எட்டாதது. கையிலுள்ள வட்டையே அவர்கள் மூலம் எனக் கொள்வர். ஹாங்காங் டைரக்டர் வோங் கார்-வாய் தம் பழைய படங்களைப் புதுக்கி வெளியிட்டபோது, இவை முன்னைய படங்களே அல்ல என்று காண்போர்க்கு அறிவித்தார். அவர் மாற்றியவற்றை விரும்பாதார் பலர். எனினும், மாற்றத்தை மறையாது உரைத்தமை பாராட்டற்குரியது.

பழஞ்சுவடிகளைப் பதிப்பிக்கும் அறிஞர் பாடபேதங்களை அடிக்குறிப்பிற் காட்டுவர். தமக்கு இனிதாய்த் தோன்றிய பாடத்தை மூலத்தில் நுழைத்து ஏனையவற்றை அழித்துவிடார். படங்களைப் பதிப்பிப்போர்க்கும் அந்நெறியே உரியது. மாற்றியிருப்பின் வட்டின் உறையிலேயே அதனைக் குறித்தல் வேண்டும். பழைய தோற்றத்தையும் உடன் வழங்குதல் அதனினும் நன்று.

ராய்ஸ்மனும் பிரீட்கினும் 2023-ஆம் ஆண்டில் மறைந்தனர். ராய்ஸ்மன் உயிரோடிருந்து மறுத்துரைத்தமையால் அப்படம் தன் நிறத்தை மீளப் பெற்றது. மறுத்துரைக்க ஒருவரும் எஞ்சாத படங்கள் எத்தனையோ! மாணவ நண்பர்காள், பழைய படமொன்றைக் காணுங்கால், ‘இந்நிறம் யார் வைத்த நிறம்?’ என்று ஒருமுறை வினவிப் பார்மின். வினவுவோர் உளராயின், பதிப்பிப்போரும் விழிப்போடிருப்பர்.